ஷிராஸில் நாவல்பழமும் மிளகும்

பெங்களூரு வெயிலில் அலமாரியில் கிடந்த சிவப்பு வைனை அப்படியே ஊற்றினால் ஆல்கஹால் நெடிதான் மூக்கில் ஏறும். 20 நிமிடம் ஃப்ரிட்ஜில் வையுங்கள். 16–18 டிகிரி போதும். கிளாஸில் மூன்றில் ஒரு பங்குதான், சுழற்ற இடம் வேண்டுமே.

நந்தி மலைப் பக்கத்து ஷிராஸ் என்ற சிவப்பு வைனை முகர்ந்து பாருங்கள்: முதலில் நாவல்பழம், சிலதில் பின்னாலேயே அப்போதுதான் இடித்த மிளகு. மிளகில் இருக்கும் ரோட்டண்டோன் என்ற அதே சேர்மம் ஷிராஸ் திராட்சைத் தோலிலும் இருக்கிறது. 'பிளாக்கரன்ட்' என்று வெளிநாட்டுப் பழத்தின் பெயரை ஒப்பிக்க வேண்டாம்; நம் மூக்குக்குப் பழகிய நாவலே நல்ல சொல். குடித்தபின் பாக்கு மென்றதுபோல் ஈறு இழுத்தால், அது டானின் என்ற துவர்ப்புப் பொருள்.

சோவின்யோன் பிளாங்க் என்ற வெள்ளை வைனில் நறுக்கிய குடைமிளகாய், கொய்யா வாசனை.

நனைந்த அட்டைப்பெட்டி வாடை அடித்தால் கார்க்கின் கோளாறு. எவ்வளவு சுழற்றினாலும் போகாது. பாட்டிலைத் திருப்பிக் கொடுங்கள்.