ஒரே லைப்போசோமில் இரண்டு மருந்து: விகிதம் எங்கே கைநழுவுகிறது

டாக்சோரூபிசின் என்ற புற்றுநோய் மருந்துக்கு எதிர்ப்பு வளர்த்துக்கொண்ட பல புற்றுநோய் செல்களில், உள்ளே நுழையும் மருந்தை பி-கிளைக்கோபுரோட்டீன் என்ற பம்ப் வெளியே தள்ளிவிடும். வெராப்பமில் என்ற இதய மருந்து அந்தப் பம்பைத் தடுக்கும். ஆனால் இரண்டையும் தனித்தனியாகச் செலுத்தினால் ஒவ்வொன்றும் தன் வேகத்தில் பரவி வெளியேறும். வெராப்பமில் இதயத்தையும் பாதிக்கும். அதனால்தான் இரண்டும் குறித்த விகிதத்தில் சேர்ந்தே போகும்படி, ஒரே லைப்போசோமில் (லிப்பிட் எனும் கொழுப்பாலான நுண்ணிய பையில்) ஏற்றுகிறோம்.

எச்.எஸ்.பி.சி (சோயா பாஸ்போலிப்பிட்), கொலஸ்ட்ரால், பெக் (பாலிஎத்திலீன் கிளைக்கால்) சேர்ந்த லிப்பிட் மூன்றும் 56:39:5 மோல் விகிதத்தில், மொத்தம் 50 மில்லிகிராம். குளோரோஃபார்மில் கரைத்து ரோட்டரி எவாப்பரேட்டரில் மெல்லிய படலமாக்கி, இரவு முழுக்க வாக்குவத்தில் உலர்த்துகிறோம். பிறகு 250 மில்லிமோலார் அம்மோனியம் சல்பேட் 5 மில்லி ஊற்றி, 65 டிகிரியில் ஒரு மணி நேரம். அடுத்து எக்ஸ்ட்ரூடரில் 400, 200, 100 நானோமீட்டர் துளையுள்ள மெம்பரேன்கள் வழியாக வரிசையாகத் தள்ளுகிறோம். கடைசி மெம்பரேனில் 11 முறை. எக்ஸ்ட்ரூடரும் 65 டிகிரியிலேயே இருக்க வேண்டும். ஆறினால் லிப்பிட் இறுகி அடைத்துக்கொள்ளும். இறுக்கமாக நகர்ந்துகொண்டிருந்த சிரிஞ்ச் திடீரென லேசாகிவிட்டால் மெம்பரேன் கிழிந்துவிட்டது என்று பொருள். புதிதாக மாட்டி முதலிலிருந்து ஓட்டுங்கள்.

பலரும் அவசரப்படும் இடம் அடுத்தது. வெளியே இருக்கும் அம்மோனியம் சல்பேட்டை செஃபடெக்ஸ் ஜி-50 ஜெல் நிரப்பிய குழாயில், பிஹெச் 7.4 ஹெப்பெஸ் சலைன் என்ற பஃபர் கரைசலால் முழுசாக நீக்க வேண்டும். உள்ளே அதிகம், வெளியே இல்லை என்ற அந்த வித்தியாசம்தான் இரண்டு மருந்தையும் உள்ளே இழுக்கிறது. கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தாலும் ஏற்றம் சரியும். அன்றே ஏற்றிவிடுங்கள். அந்தக் குழாயில் லிப்பிட்டும் கொஞ்சம் போய்விடும், எனவே லிப்பிட்டிலுள்ள பாஸ்பரஸை அளந்து கணக்கை அதிலிருந்து தொடங்குங்கள்; தராசில் நிறுத்த எடை இனி உதவாது.

டாக்சோரூபிசின், லிப்பிட் எடையில் பத்தில் ஒரு பங்கு; 60 டிகிரியில் ஒரு மணி நேரம். வெராப்பமிலைச் சிறிய அளவில் தொடங்கித்தான் கூட்ட வேண்டும். இரண்டும் அதே உள்-வெளி வித்தியாசத்தை (கிரேடியன்டை) பங்கிட்டுக்கொள்வதால், டாக்சோரூபிசின் ஏற்றம் 95 சதவீதத்துக்குக் கீழே இறங்கும் இடத்தில் நிறுத்திவிடுகிறோம்.

டாக்சோரூபிசினை அளக்க ஃப்ளூரசன்ஸ் போதும், ஆனால் டிரைட்டான் எக்ஸ்-100 என்ற டிடர்ஜென்ட் சேர்த்து லைப்போசோமை உடைத்த பிறகுதான். உடையாத லைப்போசோமுக்குள் மருந்து நெருங்கி அடைந்திருப்பதால் ஒளி மங்கிக்கிடக்கும். உடைத்ததும் அதே குவெட் (அளவிடும் கண்ணாடிக் குப்பி) பளிச்சென்று ஒளிரும். வெராப்பமிலை அளக்க எச்.பி.எல்.சி என்ற திரவப் பிரிப்பு முறை. 37 டிகிரி சீரத்தில் வைத்து இரண்டையும் மணிக்கணக்கில் தொடர்ந்து அளந்தே ஆக வேண்டும். டாக்சோரூபிசின் சல்பேட்டோடு சேர்ந்து படிகமாக உறையும். வெராப்பமில் அப்படி உறையாததால் முதலில் கசிவது அதுவாகத்தான் இருக்கும். முதல் நாள் விகிதத்தை மட்டும் எழுதி வைப்பதில் அர்த்தமில்லை.

செல் சோதனையில் வெறும் லைப்போசோம், லைப்போசோம் இல்லாமல் கலந்த இரு மருந்துகள், இவற்றோடு ஒவ்வொரு மருந்தும் தனித்தனி லைப்போசோமில் ஏற்றிக் கலந்த கலவையும் வேண்டும். இந்தக் கடைசி ஒப்பீடு இல்லாமல் 'ஒரே துகளில் இருப்பதால் பலன்' என்று சொல்ல முடியாது. வெராப்பமில் இந்த அளவில் தானாகச் செல்லைக் கொல்லாது. ஆகவே இரு மருந்தின் கூட்டுப் பலனைக் கணிக்கும் காம்பினேஷன் இண்டெக்ஸைவிட, அது சேர்ந்ததால் டாக்சோரூபிசினின் ஐசி50 (செல் வளர்ச்சியைப் பாதியாக்கும் செறிவு) எத்தனை மடங்கு இறங்கியது என்பதையே பாருங்கள்.

செல்களையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பாதீர்கள். எம்சிஎஃப்-7 மார்பகப் புற்று செல் என்று நெடுங்காலம் நம்பப்பட்ட என்சிஐ/ஏடிஆர்-ரெஸ், உண்மையில் ஓவிகார்-8 சினைப்பைப் புற்று செல்லிலிருந்து வந்தது. எஸ்டிஆர் சோதனை (செல்லின் அடையாளத்தை உறுதி செய்யும் டிஎன்ஏ சோதனை) முடித்த செல்லில் மட்டும் வேலையைத் தொடங்குங்கள்.