டர்பன் அம்பலவாணர் ஆலயமும் புனித வெள்ளித் தீமிதியும்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், கிறிஸ்தவர்கள் புனித வெள்ளி அனுசரிக்கும் அதே நாளில், கேட்டோ மேனர் பகுதியிலுள்ள அம்பலவாணர் ஆலயத்தில் திரௌபதி அம்மனுக்குத் தீமிதித் திருவிழா நடைபெறுகிறது. திதியும் நட்சத்திரமும் பார்த்து நாள் குறிக்க வேண்டிய அம்மன் விழா ஈஸ்டர் விடுமுறையோடு சேர்ந்து வருவது நமக்கு வியப்பாகத் தோன்றலாம். அதன் காரணத்தை அறிந்துகொண்டு அந்தச் சந்நிதியில் நின்றால், கை தானாகவே குவியும்.

1860ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் நாள், சென்னையிலிருந்து 342 பேரை ஏற்றிக்கொண்டு ‘ட்ரூரோ’ என்னும் கப்பல் டர்பன் துறைமுகத்தை வந்தடைந்தது. அன்று தொடங்கி 1911 வரை ஏறத்தாழ 1,52,000 பேர் ஒப்பந்தக் கூலிகளாக, டர்பனை உள்ளடக்கிய ஆங்கிலேயர் ஆட்சிப் பகுதியான நேட்டாலுக்குக் கொண்டுவரப்பட்டனர். அவர்களில் பெரும்பகுதியினர் சென்னை மாகாணத்தின் தமிழ், தெலுங்குப் பகுதிகளைச் சேர்ந்தவர்கள். ஐந்தாண்டு ஒப்பந்தம், தொடக்கத்தில் மாதம் பத்து ஷில்லிங் கூலி, அனுமதிச் சீட்டு இல்லாமல் கரும்புத் தோட்டத்தை விட்டு வெளியே செல்ல முடியாத கட்டுப்பாடு என்று வாழ்ந்த அந்த மக்களுக்கு, ஊர்கூடி விழா எடுப்பதற்குச் சேர்ந்தாற்போலக் கிடைத்த ஓய்வுகளில் ஒன்று ஈஸ்டர் விடுமுறை. அது பங்குனி, சித்திரையை ஒட்டி வந்தது. அம்மனுக்கு உகந்த வெள்ளிக்கிழமையும் அதில் அமைந்திருந்தது. முதலாளி கொடுத்த விடுமுறையை அவர்கள் அம்மனுக்குரிய நாளாக ஆக்கிக்கொண்டார்கள். ஒப்பந்த முறை ஒழிந்து நூறாண்டுகளுக்கு மேலாகியும் அந்த நாளை யாரும் மாற்றவில்லை. மாற்றாமல் இருப்பதே சரி என்பது என் எண்ணம்.

சிதம்பரத்து நடராசப் பெருமானுக்குரிய அம்பலவாணர் என்னும் திருப்பெயரைத் தாங்கிய இக்கோயில், முதலில் 1875இல் உம்பிலோ ஆற்றங்கரையில் எழுப்பப்பட்டது. ஆப்பிரிக்கக் கண்டத்தில் எழுந்த முதல் இந்துக் கோயில் என்று இதைப் போற்றுகிறார்கள். ஆற்று வெள்ளம் அக்கோயிலை அடித்துச் சென்றுவிட, இப்போதுள்ள ஆலயம் 1947இல் கேட்டோ மேனரில் கட்டப்பட்டது. வெள்ளத்திலிருந்து மீட்ட பழைய கோயிலின் கதவுகளை இந்தப் புதிய கோயிலின் முகப்பில் பொருத்தியிருக்கிறார்கள். உள்ளே செல்பவர்களில் பலர் அந்த மரத்தை விரல்களால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வதைக் கண்டேன். கை படும் உயரத்தில் மட்டும் மரம் வழுவழுப்பாகியிருந்தது. இடுக்குகளில் மஞ்சளும் குங்குமமும் படிந்து கிடந்தன. கரும்பு வெட்டிக் காய்த்துப்போன கைகள் தள்ளித் திறந்த கதவு அல்லவா என்று எண்ணியபோது, சுவாமியைத் தரிசிக்கும் முன்பே கண் கலங்கிவிட்டது.

உள்ளே, கல்லூரி மாணவியைப் போலத் தோன்றிய ஒரு பேத்தியின் தோளைப் பிடித்தபடி நின்றிருந்த மூதாட்டி ஒருவர் தேவாரம் பாடிக்கொண்டிருந்தார். அவர் கையிலிருந்த புத்தகத்தில் தமிழ்ப் பாடல்கள் ஆங்கில எழுத்துகளில் அச்சிடப்பட்டிருந்தன. அவருக்குத் தமிழ் பேச வரவில்லை. ஆனால் பண் பிசகவில்லை. நான் தமிழ்நாட்டிலிருந்து வந்திருப்பதை அறிந்ததும், “வா தம்பி, முன்னால் வந்து நில்” என்று அந்த ஒரு வரியை மட்டும் தமிழில் சொல்லி எனக்கு இடம் விட்டார். பள்ளியிலும் வேலையிலும் ஆங்கிலமே வழங்கிய நகரில், வீட்டுப் பேச்சிலிருந்து தமிழ் மெல்ல நழுவிப் போயிருக்கிறது. வழிபாட்டில் மட்டும் அதை விடாமல் பிடித்திருக்கிறார்கள்.

தீமிதிக்கு விரதமிருந்தவர்கள் மஞ்சள் ஆடை உடுத்தி, கையில் வேப்பிலைக் கொத்தோடு வந்தார்கள். வேப்பிலை என்று நான் நினைத்தது உண்மையில் அங்கே சிரிங்கா என்று வழங்கும் மலைவேம்பின் இலை. வேம்பு கிடைக்காத மண்ணில் அதன் இனத்தைச் சேர்ந்த மரத்தையே முன்னோர் அம்மனுக்கு உரியதாக ஏற்றுக்கொண்டார்கள். தணல் பரப்பிய குழியருகே உடுக்கையும் தவிலும் ஓங்கி ஒலித்தன; வெப்பம் பத்தடி தூரத்திலேயே முகத்தில் அறைந்தது. கைக்குழந்தையை மார்போடு அணைத்த ஓர் இளைஞர், நடையின் வேகத்தைக் கூட்டாமலே தணலைக் கடந்து சென்றார். கயிற்றுக்கு அப்பால் நின்ற கூட்டத்தில் அந்த மண்ணின் ஆப்பிரிக்கர்களான சூலு மக்களும் வெள்ளையர்களும் இருந்தனர். அவர் மறுகரை சேர்ந்தபோது அவர்களும் கை கூப்பியதைப் பார்த்தேன்.

அன்னதானப் பந்தியில் சோறு, பருப்பு, பரங்கிக்காய்க் கறி, கீரை, காரமான ஊறுகாய் பரிமாறினார்கள். பக்கத்தில் அமர்ந்திருந்த பெரியவரின் குடும்பம் ஒரு காலத்தில் இந்தக் கேட்டோ மேனரிலேயே காய்கறி பயிரிட்டு வந்ததாம். இனவாரியாகக் குடியிருப்புகளைப் பிரித்த 1950ஆம் ஆண்டின் குழுப் பகுதிகள் சட்டம் இந்த இடத்தை வெள்ளையருக்கென ஒதுக்கியது; இந்தியக் குடும்பங்கள் சாட்ஸ்வர்த் முதலிய இடங்களுக்கும், ஆப்பிரிக்கக் குடும்பங்கள் குவாமாஷு முதலிய இடங்களுக்கும் துரத்தப்பட்டன. வீடுகள் இடிக்கப்பட்டன, தோட்டங்கள் புதர் மண்டின. கோயில் மட்டும் இடம் பெயரவில்லை. “வீடு இருந்த இடம் எனக்கு அடையாளம் தெரியாது. கோயிலிலிருந்து எத்தனை அடி என்று அப்பா சொன்ன கணக்கை வைத்துத்தான் கண்டுபிடிப்பேன்” என்று அவர் ஆங்கிலத்தில் சொன்னார். ஆண்டுதோறும் புனித வெள்ளியன்று சாட்ஸ்வர்த்திலிருந்து பிள்ளைகளையும் பேரப்பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு வந்துவிடுகிறார்.

ஈஸ்டர் விடுமுறையில் டர்பன் செல்ல வாய்ப்புள்ள அன்பர்கள், நகருக்குத் தெற்கே இசிப்பிங்கோவில் உள்ள மாரியம்மன் கோயிலையும் தரிசிக்க வேண்டும். பல்லாயிரக்கணக்கானோர் பாலும் தேங்காயும் ஏந்தி வரிசையில் நிற்பதால், அங்கே அதிகாலையிலேயே போய்ச் சேர்வது நல்லது. வடக்கே மவுண்ட் எட்ஜ்கோம்பில், பழைய கரும்புத் தோட்டங்களுக்கு நடுவே, பல கோயில்களை எழுப்பிய கிஸ்டப்ப ரெட்டி 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் கட்டிய விநாயகர் கோயில் இருக்கிறது. அங்கே கூட்டம் குறைவாகவே இருக்கும். சுதைச் சிற்பங்களை நின்று நிதானமாகப் பார்க்கலாம்.