விளம்பரப் பத்தியில் மறைந்துபோன என் வேலை

1986ஆம் ஆண்டில், பத்தொன்பது வயதில், மதுரையில் ஓர் அச்சகத்தில் கம்பாசிட்டராகச் சேர்ந்தேன். இடது கையில் ஸ்டிக் என்ற கோக்கும் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, கேஸ் என்ற எழுத்துப் பெட்டியைப் பாராமலே வலது கையால் ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாக எடுத்து, இடவலம் மாறிய நிலையில் வரி வரியாகக் கோப்பதுதான் வேலை. 1978இல் வந்த எழுத்துச் சீர்திருத்தத்தால் துதிக்கை வைத்த லை, ணை, னை போன்றவற்றுக்குத் தனி அச்சு தேவைப்படாமல் போயிருந்தது. அவை ஒரு மூலையில் பெட்டியோடு கிடந்தன. பயனற்றுப்போன அந்த எழுத்துகளைத் தினமும் பார்த்தும், ஒருநாள் மீதி எழுத்துகளும் அந்தப் பெட்டிக்குள் போகக்கூடும் என்று எனக்குத் தோன்றவில்லை.

தோன்ற வைத்தவை செய்தித்தாளின் வரி விளம்பரங்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் ‘ஆள் தேவை’ பத்தியில் அச்சுத் தொழில் சார்ந்தவற்றை மட்டும் ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதிவைக்கும் பழக்கம் 1990வாக்கில் தொடங்கியது. வேறு வேலை தேடும் எண்ணம் அப்போது இல்லை. சம்பளம் எங்கே எவ்வளவு என்று அறியும் ஆவல்தான். ஆனால் இரண்டு ஆண்டுகள் கழித்து அந்தப் பக்கங்களைச் சேர்ந்தாற்போல் புரட்டியபோது, முன்பக்கங்களில் வாரந்தோறும் இருந்த ‘கம்பாசிட்டர் தேவை’ என்ற வரி பின்பக்கங்களில் மாதக்கணக்காக ஒருமுறைகூட வரவில்லை என்பதையும், அதன் இடத்தில் ‘டி.டி.பி. ஆபரேட்டர் தேவை, தமிழ்த் தட்டச்சு தெரிந்திருக்க வேண்டும்’ என்ற வரி உட்கார்ந்திருப்பதையும் கண்டேன். டி.டி.பி. என்றால் கணினியில் எழுத்தை அடித்துப் பக்கம் அமைப்பது. அன்றிரவு எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. எங்கள் அச்சகத்தில் இதைப் பற்றி ஒருவரும் ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை.

அந்த இரண்டாவது வரியில்தான் முக்கியமான செய்தி இருந்தது. கணினி வந்தால் கம்பாசிட்டர்களையே அதில் உட்கார வைப்பார்கள் என்று நாங்கள் நினைத்திருந்தோம். ஆனால் அப்போதைய தமிழ் எழுத்துருக்கள் பலவும் தட்டச்சுப்பொறியின் விசை அமைப்பையே பின்பற்றியதால், தட்டச்சு படித்தவர்கள் நேராக வந்து அந்த நாற்காலியில் அமர்ந்துவிட்டார்கள். எனவே கணினி வகுப்புக்குப் போகுமுன் தட்டச்சுப் பயிலகத்தில் சேர்ந்தேன். காலை ஆறு மணி வகுப்பில், பள்ளி மாணவிகள் நடுவில் இருபத்தைந்து வயதுக்காரனாக அமர்ந்து, தட்டச்சில் தொடக்க நிலையான தமிழ் லோயர் தேர்வை எழுதித் தேறினேன். அதன் பிறகுதான் பேஜ்மேக்கர் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளைப் பழகினேன்.

என்னோடு வேலை பார்த்த மூத்தவர் ஒருவரை இங்கே சொல்லாமல் போக முடியாது. “அண்ணே, நீங்களும் வாங்க, ரெண்டு பேரும் சேர்ந்தே படிப்போம்” என்று அழைத்தேன். “எனக்கு அம்பது தாண்டிருச்சு தம்பி. ரெண்டு பொண்ணுக இருக்கு. காலையில ஆறு மணிக்கு நான் பால் ஊத்தப் போகணும்” என்றார். நிர்வாகம் ஈய எழுத்து தேவைப்படாத ஆப்செட் அச்சுக்கு மாறியபோது ஈய எழுத்துகளைக் கிலோக் கணக்கில் எடைக்குப் போட்டார்கள்; அந்த மாதமே அவரையும் கணக்கு முடித்து அனுப்பினார்கள். அவர் முயற்சி செய்யவில்லை என்று யாராவது சொன்னால் இன்றும் எனக்குக் கோபம் வரும். முப்பது ஆண்டு உழைத்தவருக்கு ஆறு மாதம் முன்னதாகச் சொல்லியிருக்கலாம், வேலை நேரத்தில் பயிற்சி கொடுத்திருக்கலாம். நம் எதிர்காலத்தை நாமேதான் பார்த்துக்கொள்ள வேண்டியிருந்தது என்பது உண்மை. அதற்காக முதலாளிகளின் கடமை தீர்ந்துவிட்டதாக நான் நினைக்கவில்லை.

புதிய வேலையில் தட்டச்சு வேகத்தில் நான் பின்தங்கியே இருந்தேன். ஆனால் புள்ளி வைத்த எழுத்தில் வரி தொடங்கக் கூடாது என்பது போன்றவை எனக்குக் கையோடு வந்திருந்தன. ‘கொ’ என்பதைக் கொம்பு, க, கால் என்று மூன்று துண்டுகளாக அடித்துவந்த காலத்தில், கொம்பு மட்டும் வரியின் கடைசியில் நின்றுவிட்டு மீதி அடுத்த வரிக்குப் போய்விடும் பிழையை நான் பார்த்த மாத்திரத்தில் பிடித்துவிடுவேன். பதிப்பகத்தார் என்னைத் தேடி வந்தது இந்தக் கண்ணுக்காகத்தான்.

நோட்டை மட்டும் விடவில்லை. 2010இல் தமிழக அரசு, எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடை ஏற்றுக்கொண்ட செய்தியை அதில் எழுதி, கீழே கோடிட்டேன். எங்கள் பழைய கோப்புகள் ஒவ்வொன்றும் ஒவ்வோர் எழுத்துருக் குறியீட்டில் இருந்தன. வேறு எழுத்துருவில் திறந்தால் வெறும் குப்பையாகத் தெரியும். என்றாவது இவற்றையெல்லாம் யூனிகோடுக்கு மாற்றித் தர ஆள் தேவைப்படும் என்று கணித்து, யாரும் கேட்காதபோதே ஓய்வு நேரத்தில் அதைப் பழகினேன். பழகும்போதுதான் ஒன்றைக் கண்டுகொண்டேன்: ‘அவர்கள்’ என்ற சொல்லில் ‘ர்’ இருக்க வேண்டிய இடத்தில் பலர் துணைக்காலை அடித்து மேலே புள்ளி வைத்திருந்தார்கள். தாளில் வேறுபாடே தெரியாது. மின்னூலில் அந்தச் சொல்லைத் தேடினால் மட்டும் கிடைக்காது. மின்னூல் வேலைகள் வரத் தொடங்கியபோது, அச்சிட்ட பக்கத்தில் கண்ணுக்குப் படாத இந்தப் பிழையைத் திருத்தித் தந்ததே என் முதல் ஒப்பந்தப் பணியாக அமைந்தது.

திட்டம் என்று நான் செய்ததெல்லாம் இவ்வளவுதான்: ஆறு மாதத்துக்கு ஒருமுறை நோட்டைப் புரட்டி, எந்த வரி மறைகிறது, எந்த வரி புதிதாக வருகிறது என்று பார்ப்பது, புதிதாக வந்ததில் எனக்குத் தெரியாத ஒன்றை மட்டும் தேர்ந்தெடுத்துக் கற்பது. ஒன்றுக்கு மேல் எடுத்தபோதெல்லாம் இரண்டையும் பாதியில் விட்டிருக்கிறேன். எல்லாக் கணிப்பும் பலிக்கவுமில்லை. குறுவட்டு வடிவமைப்பு கற்கச் செலவழித்த பணம் வீணாகவே போனது.

இப்போது வரி விளம்பரங்களுக்குப் பதில் கைப்பேசியில் வரும் அறிவிப்புகளிலிருந்து எழுதிவைக்கிறேன். ‘தட்டச்சர் தேவை’ என்பது அரிதாகி வருகிறது. படத்திலிருந்து எழுத்தைக் கணினியே படித்துவிடுகிறது. அதன் பக்கத்திலேயே, கணினி தந்த தமிழைச் சரிபார்க்க ஆள் கேட்கும் வரிகள் வந்துகொண்டிருக்கின்றன. போன மாதப் பக்கத்தில் அவற்றில் நான்கைக் குறித்திருக்கிறேன். நான்கிலும் எனக்குத் தெரியாத சொல் ஒன்று பொதுவாக இருந்தது: பைத்தான் என்ற கணினி நிரல் மொழி. பக்கத்துத் தெருவில் ஞாயிறு காலை வகுப்பு நடக்கிறது என்று மகள் விசாரித்துச் சொன்னாள். முதல் மாதக் கட்டணத்தைக் கட்டிவிட்டேன்.