தொண்டைமானாற்றங்கரையில் சேரின் வகுப்பு

எங்களுக்கு உயிரியல் படிப்பித்த சேர் காலமான செய்தி வந்த நாளிலிருந்து எங்கள் ஆண்டுக்காரர் தொலைபேசியில் கதைப்பதெல்லாம், யாழ்ப்பாணக் குடாநாட்டின் தொண்டைமானாற்று நீரேரிக்கு அவர் எங்களைக் கூட்டிப்போன பயணங்களைப் பற்றித்தான். பழைய மாணவர் சங்க மலருக்கு அஞ்சலி எழுதித் தரும்படி செயலாளர் கேட்டார். அவர் அந்தக் கரையில் எப்படிப் படிப்பித்தார் என்பதை உள்ளபடி எழுதிவைப்பதே அவருக்குச் செய்யும் மரியாதை என்று பட்டது.

உயர்தர உயிரியல் வகுப்பில் இருந்தவர்களுக்கு வல்வெட்டித்துறை வழியாகப் போகும் முதல் பஸ்ஸை ஞாபகப்படுத்தத் தேவையில்லை. விடியுமுன் போய்ச் சேர வேண்டும் என்று சேர் நின்றதற்குக் காரணம் உண்டு. இரவு முழுக்க பாசியும் மீனும் இறாலும் சுவாசித்து நீரிலுள்ள ஒட்சிசனைக் குறைத்துவிடும். வெயில் ஏறினால் பாசி ஒளித்தொகுப்புச் செய்து அதை மீண்டும் கூட்டிவிடும். அந்த அடிமட்டத்தைப் பிடிக்க வேண்டுமென்றால் சூரியனுக்கு முன் போத்தல் நிரம்ப வேண்டும்.

போத்தல் நிரப்புவது சின்ன வேலையல்ல. 250 மில்லிலீற்றர்ப் போத்தலை நீருக்குள் சரித்து அமிழ்த்தி, குமிழி ஒன்றுகூடத் தங்காமல் மூட வேண்டும். பிறகு குழாயியின் நுனியை நீர்மட்டத்துக்குக் கீழே வைத்து மங்கனீசு சல்பேற்று 2 மில்லிலீற்றர், கார அயடைட்டு 2 மில்லிலீற்றர் விட்டு, மூடி, தலைகீழாகப் பல தடவை புரட்ட வேண்டும். கபில நிற வீழ்படிவு வந்தால் ஒட்சிசன் இருக்கிறது; வெள்ளையாகவே நின்றால் இல்லை. ஒரு குமிழி மாட்டினாலும் காற்றிலுள்ள ஒட்சிசன் சேர்ந்து அளவு கூடிவிடும். அந்தப் போத்தலை சேர் ஊற்றச் சொல்லிவிடுவார். சல்பூரிக்கமிலத்தைக் கரைக்குக் கொண்டுபோக அவர் விட்டதே இல்லை. வீழ்படிவோடு போத்தல்களை ஈரச் சாக்கால் மூடி ஆய்வுகூடத்துக்குக் கொண்டுவந்து, அங்கேதான் அமிலம் விட்டு, வெளிவரும் அயடீனைத் தயோசல்பேற்றைத் துளித்துளியாக விட்டு அளப்போம் (நியமிப்போம்). மாப்பொருள் கரைசலை மஞ்சள் நிறம் வெளிறிய பிறகே விட வேண்டும். முந்திவிட்டால் அயடீன் மாப்பொருளோடு பிடித்துக்கொண்டு முடிவுப்புள்ளி இழுபடும்.

அடுத்தது உப்பு. நீரேரிக்கும் கடலுக்கும் இடையிலுள்ள அணையின் கடல் பக்கம், உள் பக்கம், நீரேரியில் இன்னும் மேலே என்று மூன்று இடம். ஆவணியிலும் தையிலும் அதே மூன்று இடம்தான். நீரின் அடர்த்தியைக் காட்டும் நீரமானியை ஜாடியின் சுவரில் முட்டாமல் மிதக்கவிட்டு, கண்ணை நீர்மட்டத்துக்கு இறக்கி, வளைவின் அடியை வாசிக்க வேண்டும். வெப்பநிலையையும் பக்கத்தில் எழுத வேண்டும், சூடான நீர் குறைத்துக் காட்டும் என்பதால். கடல்நீர் 1.025 அளவில் நிற்கும். மாரி மழைக்குப் பிறகு அணைக்கு உள்ளே அது நன்றாக இறங்கும். நீர் வற்றும் ஆவணியில் கடலையும் தாண்டி ஏறும்.

ஆவணி, தை என்ற அந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிவிட்டுத்தான் சேர் அணையைப் பற்றிச் சொல்லத் தொடங்குவார். ஆண்டு முழுக்க ஓடும் ஆறு இல்லாத குடாநாட்டில் மழைநீர்தான் சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கிக் கிணற்றுக்கு வருகிறது. பொறியியலாளர் ஆறுமுகம் 1954இல் முன்வைத்த 'யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு' திட்டம், ஆனையிறவு நீரேரியின் நன்னீரை முள்ளியான் வாய்க்காலால் வடமராட்சி நீரேரிக்குக் கொண்டுவரும் எண்ணம். தொண்டைமானாற்று அணை அந்த நீர் கடலுக்கு ஓடாமலும் கடல் உள்ளே ஏறாமலும் காக்க வேண்டும். கதவுப் பலகை உக்கினால் என்ன ஆகும் என்று சேர் கேட்பார். பதில் எங்கள் கொப்பியிலேயே இருக்கும்.

வெளிச்சம் வந்ததும் கரையோரம். செருப்போடு சேற்றில் இறங்கினால் செருப்பு சேற்றோடு போகும், வெறுங்காலை ஊரி ஓடு கிழிக்கும். அதனால் நாடா இறுக்கிய பழைய கன்வஸ் சப்பாத்தும் பூவரசங் கம்பும். மரங்களில் முதலில் காட்டுவது தில்லை மரம். இலை மாறிமாறி இருக்கும், உதிருமுன் சிவக்கும், கிள்ளினால் பால் வரும். அந்தப் பால் கண்ணில் பட்டால் பெரிய ஆபத்து. எல்லோரும் தில்லையை அடையாளம் சொன்ன பிறகுதான் கண்ணா மரத்துக்குக் கூட்டிப்போவார். எதிரெதிர் இலை, அடிப்பக்கம் வெளிறியிருக்கும். மேலே பொடிப்பொடியாக உப்பு மினுங்கும். "நாக்கில வைச்சுப் பாருங்கோ" என்பார். வேர் உறிஞ்சிய உப்பை இலை வெளியே தள்ளுவதை ஒரு பாடப்புத்தகப் படமும் அப்படிச் சொல்லித்தந்ததில்லை. சேற்றிலிருந்து ஈட்டிபோல் நிமிர்ந்து நிற்கும் சுவாச வேர்களை ஒரு மீற்றர் சதுரச் சட்டம் வைத்து எண்ணுவோம். கம்பால் சேற்றைக் கிளறினால் மேலே மெல்லிய கபிலம், கீழே கறுப்பு, கூழ்முட்டை மணம். ஒட்சிசன் கீழே இறங்கவில்லை என்பதற்கு அதுவே சாட்சி, வேர் ஏன் மேலே வந்தது என்பதற்கும்.

பறவைக்கு நாங்கள் நின்றது வடமராட்சிப் பக்கக் கரை. காலைச் சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்கும், பூநாரையின் சிறகுச் சிவப்பு துலக்கமாகத் தெரியும். நேரே நடந்தால் கூட்டம் எழும்பிவிடும் என்று சரிவாக நடத்திப்போவார். பத்தை எண்ணி, அந்தப் பத்து எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று கண்ணில் வைத்து, அதே அளவால் கூட்டம் முழுவதையும் அளக்க வேண்டும். மூன்று பேர் தனித்தனியே எண்ண வேண்டும், முடியும்வரை ஒருவரோடொருவர் கதைக்கக் கூடாது. "தம்பி, கணக்கை எழுதிப்போட்டுக் கதை."

மத்தியானம் செல்வச்சந்நிதிக் கோயில் மடத்துச் சோறு. அதைப் பற்றி நான் எழுதி நீங்கள் அறியவேண்டியது ஒன்றுமில்லை.

புலம்பெயர்ந்து வந்த இங்கே எங்கள் பிள்ளைகளை ஏரிக்கரைக்குக் கூட்டிப்போகிறார்கள். பலகைப் பாதை, பறவை பார்க்கும் குடில், படம் போட்ட விளக்கப் பலகை, எல்லாம் வடிவாக இருக்கின்றன. ஆனால் நான் பார்த்தவரையில் பிள்ளையின் கையில் அளப்பதற்கு ஒன்றும் கொடுப்பதில்லை. அளந்தவனுக்குத்தான் அடுத்த தடவை வித்தியாசம் தெரியும் என்று சேர் நம்பினார், நானும் நம்புகிறேன். தொண்டைமானாறு வெளிக்கள நிலையத்தை இன்றைய உயர்தர மாணவர் பலர் அதன் பரீட்சை வினாத்தாள்களால் அறிகிறார்கள். அந்தத் தாள்கள் பெரிய உதவி. கரைக்கும் அவர்கள் போக வேண்டும்.

1990க்குப் பிறகு எதிர்க்கரையான வளலாய்ப் பக்கம் இராணுவப் பாதுகாப்பு வலயத்துக்குள் போயிற்று. அங்கே காணிகள் விடப்பட்டது 2015இல். அதற்கிடையில் ஒரு தலைமுறை அந்தப் பக்கக் கரையை அறியாமலே படித்து முடித்துவிட்டது. சேருடைய கொப்பிகளில் ஆவணி, தை என்று ஆண்டுக்கு இரண்டு பத்தியாக ஓடிய கணக்கு இடையில் நின்றுபோனது. அவருக்கு வயதாகிவிட்டது. அளக்கத் தெரிந்த நாங்கள் லண்டனிலும் ரொறன்ரோவிலும் சிட்னியிலும் இருந்தோம். எங்களில் இரண்டு பேராவது ஊரில் இருந்திருந்தால் அந்தக் கணக்கு நின்றிருக்காது என்ற எண்ணம், செய்தி வந்ததிலிருந்து என்னை விடவில்லை.