இங்க நல் வந்தா என்னண்ணா ஆகும்?

எங்கள் நெட்வொர்க் கார்டு டிரைவரின் கோட் ரிவ்யூவில், டீமில் இளையவனான அவன் கேட்டது அந்த ஒரு கேள்விதான்: கேட்ட மெமரி கிடைக்காமல் 'நல்' (null), அதாவது வெறுங்கை, திரும்பி வந்தால்? "ஒரு பாக்கெட் போகும். டிசிபி திரும்ப அனுப்பிக்கும், அவ்வளவுதான்" என்றேன். "சரிண்ணா" என்று ஒப்புதல் கொடுத்துவிட்டு அடுத்த ஃபைலுக்குப் போய்விட்டான். ஒன்றரை வருடம் ஆகிறது. அந்த "சரிண்ணா" இன்னும் காதில் இருக்கிறது.

நான் சொன்னது தப்பில்லை. முதலில் எனக்கு நானே சொல்லிக்கொள்வது இதைத்தான். நெட்வொர்க்கில் வரும் தரவுத் துண்டான பாக்கெட் வந்து இறங்கும் பாதையில், லினக்ஸின் மையமான கெர்னல் தூங்கக் கூடாது. மெமரி இல்லையென்றால் யாராவது விடுவிக்கும்வரை காத்திருப்போம் என்ற பேச்சுக்கே அங்கே இடமில்லை. அதனால்தான் ஜிஎஃப்பி_அட்டாமிக் என்ற குறியைப் போட்டு மெமரி கேட்கிறோம்: இருந்தால் கொடு, இல்லையென்றால் உடனே கையை விரி. அப்படிக் கையை விரித்தால் பாக்கெட்டைக் கீழே போடுவது குற்றமே இல்லை. புதிதாகச் சேருகிறவர்களுக்கு இதை எத்தனையோ முறை சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.

ஆனால் அவன் கேட்ட வரி பாக்கெட்டைப் பற்றியது இல்லை. அது ரிங்கை, அதாவது வரும் பாக்கெட்டுகளை வாங்கிக்கொள்ள பஃபர்களை (காலி மெமரித் துண்டுகளை) வட்டமாக அடுக்கி வைத்திருக்கும் வரிசையை, நிரப்பும் லூப். எங்கள் டிரைவரில் 256 இடங்கள். கார்டு ஒரு பஃபரில் பாக்கெட்டை எழுதும், நாங்கள் அதை மேலே அனுப்பிவிட்டு, காலியான இடத்தில் புதிய பஃபர் வைப்போம். புதியது கிடைக்காவிட்டால் லூப்பை விட்டு வெளியே வருவோம், அடுத்த பாக்கெட் வரும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று. அந்த அடுத்த பாக்கெட் வர ஒரு பஃபராவது மிச்சம் இருக்க வேண்டுமே. 256-ம் காலியானால் கார்டு வந்ததையெல்லாம் கீழே போடும். வாங்கிய பாக்கெட் இல்லை, அதனால் 'பாக்கெட் வந்திருக்கிறது' என்று கார்டு தட்டிச் சொல்லும் இன்டரப்ட் இல்லை. இன்டரப்ட் இல்லாததால் எங்கள் கோட் ஓடாது. பிறகு மெமரி ஏராளமாகக் கிடைத்தாலும் போய்க் கேட்க ஆள் இல்லை.

வாடிக்கையாளர் இடத்தில் நடந்தது அதுதான். ஸ்டோரேஜ் பெட்டி, ஜம்போ ஃப்ரேம் என்கிற பெரிய பாக்கெட், 9000 பைட். ஒரு பஃபருக்கே அடுத்தடுத்து ஒட்டிய நான்கு பேஜ் (4 கேபி மெமரிக் கட்டங்கள்), 16 கேபி வேண்டும். இரவு பேக்கப் ஓடும்போது மெமரி சில்லறை சில்லறையாகச் சிதறிவிடும். காலி மெமரி எந்தெந்த அளவுத் துண்டுகளாக இருக்கிறது என்று காட்டும் பட்டிஇன்ஃபோவைப் (buddyinfo) பார்த்தேன்: ஒரு பேஜ், இரண்டு பேஜ் துண்டுகளுக்கான முதல் இரண்டு பத்திகளில் ஆயிரக்கணக்கில் எண்கள், நான்கு பேஜுக்கான மூன்றாவதிலிருந்து வரிசையாகப் பூஜ்யம். மொத்தத்தில் மெமரி இருக்கிறது, சேர்ந்தாற்போல் நான்கு பேஜ் இல்லை. கிகாபிட் வேகத்தில் 256 ஜம்போ ஃப்ரேம் வந்து சேர 18 மில்லிவிநாடி போதும். ரிங் அதற்குள் வற்றிவிடும்.

கன்சோல் வேலை செய்கிறது, டிஸ்க் ஓடுகிறது, நெட்வொர்க் மட்டும் செத்துக் கிடக்கிறது. அங்கே இருந்த இன்ஜினியர் இன்டர்ஃபேஸை இறக்கி ஏற்றினால் உயிர் வந்துவிடும். மறுபடி சில நாளில் போகும். கெர்னல் எப்போதும் காலியாக வைத்திருக்க வேண்டிய மெமரி அளவை, மின்_ஃப்ரீ_கேபைட்ஸை, ஏற்றிப் பாருங்கள் என்று முதலில் நானே எழுதி அனுப்பினேன். இடைவெளி கூடியது, பிரச்சினை தீரவில்லை. ரிவ்யூவில் அவன் கேட்ட வரி எனக்கு ஞாபகம் வந்தது அதற்கும் பிறகுதான்.

இது எனக்குத் தெரியாத விஷயமாக இருந்திருந்தால் மனது ஆறியிருக்கும். மெய்நிகர் கணினிகளுக்கான நெட்வொர்க் டிரைவரான விர்ட்டியோ-நெட்டை நான் படித்திருக்கிறேன். பஃபர் ஒன்றுகூடக் கிடைக்காமல் போனால் பிறகு நிரப்ப முயலவே மாட்டோம் என்று அதில் குறிப்பே எழுதி, அரை விநாடி கழித்து மறுபடி முயல ஒரு வேலையைத் தனியாக வைத்திருந்தார்கள். படித்தேன், ரசித்தேன், என் கோடுக்கு வரும்போது மறந்தேன். அந்த லூப்பை எழுதியவன் நான் என்பதால்தான் அவ்வளவு வேகமாகப் பதில் வந்ததோ என்று தோன்றுகிறது. வேறு யாராவது எழுதியிருந்தால் "இரு, பார்க்கலாம்" என்றிருப்பேன்.

அப்புறம் இன்னொரு பக்கமும் யோசிக்கிறேன். அவன் உண்மையிலேயே இதை நினைத்துத்தான் கேட்டானா? நல் சரிபார்க்கும் இடத்திலெல்லாம் இளையவர்கள் கேட்கிற கேள்விதானே அது? ரிங் வற்றும் என்று தெரிந்திருந்தால் வாதாடியிருப்பான். சரி, வாதாடும்படியாகவா நான் பதில் சொன்னேன்? "அவ்வளவுதான்" என்று முடித்துவிட்டால் அதற்கு மேல் பேச அவனுக்கு என்ன இருக்கிறது?

திருத்தம் சிறியதுதான். புதிய பஃபரை முதலில் கேள். கிடைக்காவிட்டால் வந்த பாக்கெட்டைக் கீழே போட்டுவிட்டு, பழைய பஃபரையே அதே இடத்தில் திரும்ப வை. ரிங் ஒருநாளும் காலியாகாது. அதாவது, நான் அவனுக்குச் சொன்ன பதில் இப்போதுதான் உண்மையானது. ஒரு பாக்கெட் போகும், அவ்வளவுதான்.

இந்தத் திருத்தத்தை அனுப்பும் பேட்சின் அடியில் "ரிப்போர்ட்டட்-பை" (பிரச்சினையைச் சொன்னவர்) என்று வாடிக்கையாளர் இடத்து இன்ஜினியரின் பெயரைப் போட்டேன். அதற்குக் கீழே "சஜஸ்டட்-பை" (யோசனை சொன்னவர்) என்று அடித்து, ரிவ்யூவில் கேள்வி கேட்டவன் பெயரையும் எழுதினேன். எழுதிவிட்டு அப்படியே பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் எப்போது சொன்னான் என்று யாராவது கேட்டால் ரிவ்யூ தேதியைக் காட்ட வேண்டியிருக்கும். கேள்விதானே கேட்டான், யோசனை சொல்லவில்லையே என்று சமாதானம் சொல்லிக்கொண்டு அந்த வரியை அழித்தேன். பேட்சை ரிவ்யூவுக்கு அவனுக்கே அனுப்பினேன். ஒரு கேள்வியும் கேட்கவில்லை, ஒப்புதல் மட்டும் வந்தது.