டீ கிளாஸ்

"கொஞ்சம் பொறு தாயி, விரல் மடங்க மாட்டேங்குது."

கீழச் சித்திரை வீதியில் இன்று விடியற்காலை, பூக்கட்டும் அம்மா சொன்னது. டீ கிளாஸை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் உருட்டிக்கொண்டே இருந்தார். குடிக்கவில்லை.

விரல் கணுக்கள் முடிச்சு முடிச்சாக வீங்கியிருந்தன. மடியில் ஈரத்துணியில் சுற்றிய பூ.

மதுரையில் மார்கழி விடியலில்கூட 20 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். இதெல்லாம் ஒரு குளிரா என்பார்கள். குளிர் பட்டால் விரலின் ரத்தக் குழாய்கள் சுருங்கும், தசை இறுகும். தேய்ந்த மூட்டுக்கு அதுவே அதிகம். என் அம்மாவும் வெந்நீரில் கை வைத்த பிறகுதான் சேலைக் கொசுவமே மடிப்பார்.

"அவசரமில்லைம்மா" என்று பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன்.

நாளைக்கு ஒரு ஜோடி கம்பளிக் கையுறை கொண்டுபோக வேண்டும். நார் பிடிக்கத் தோதாக நுனியை மட்டும் வெட்டிவிட்டு.