தோளில் ஒரு துண்டு

போன மாதம் ஒரு கல்லூரியில் தெருமுனை நாடகம் பற்றிப் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். பேசி முடித்ததும் ஒரு பையன் எழுந்து, "மேடம், நாடகம் பார்த்து யாராவது மாறியிருக்காங்களா?" என்று கேட்டான். பக்கத்திலிருந்த பேராசிரியருக்குச் சங்கடம். எனக்கு அவனைப் பிடித்துப்போனது. அங்கே நேரம் போதாததால் இங்கே எழுதுகிறேன்.

1991-ல் புதுக்கோட்டை மாவட்டத்தில், பெரியவர்களுக்கு எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுக்கும் அறிவொளி இயக்கம் தொடங்கியபோது நான் ஒரு கலைக்குழுவில் இருந்தேன். கலெக்டர் ஷீலா ராணி சுங்கத். அதற்கு முந்தைய ஆண்டுதான் கேரளத்தில் எர்ணாகுளம் முழு எழுத்தறிவு பெற்ற மாவட்டமாக அறிவிக்கப்பட்டிருந்தது. பாட்டும் நாடகமுமாக ஊர் ஊராகப் போகும் கலைப்பயணமும் கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத் என்ற மக்கள் அறிவியல் அமைப்பு காட்டிய வழிதான். 1987-ல் அது அகில இந்தியப் பயணமாகவே நடந்தது. நாங்கள் கடைக்குட்டிகள்.

இருட்டும் நேரத்தில் ஊருக்குள் போய் இறங்குவோம். வைக்கோலைக் கொளுத்தித் தப்பைக் காய்ச்சி நாலு அடி அடித்தால் போதும், முதலில் பிள்ளைகள் வந்துவிடுவார்கள். ஆண்கள் டீக்கடைப் பக்கமே நின்று எட்டிப் பார்ப்பார்கள். நாங்கள் யாருக்காகப் போனோமோ அந்தப் பெண்கள் மட்டும் வர மாட்டார்கள். காட்டு வேலை முடிந்து வந்து உலை வைத்து இறக்கி, எல்லோருக்கும் சோறு போட்ட பிறகுதான் அவர்களுக்குத் தெரு. அதுவரை பாட்டாகப் பாடி ஓட்டுவோம். தொண்டை கட்டிக்கொள்ளும்.

எனக்கு வட்டிக்கடைக்காரர் வேஷம். வேஷம் என்றால் ஒன்றுமில்லை, தோளில் ஒரு துண்டு. ஒரு பொம்பளைப் பிள்ளை துண்டைப் போட்டுக்கொண்டு அதட்டுவதைப் பார்த்தே பாதிக் கூட்டம் சிரித்துவிடும். கதையும் எல்லோருக்கும் தெரிந்ததுதான்: கொடுப்பது ஐம்பது, தாளில் எழுதுவது ஐந்நூறு, கீழே கைநாட்டு. சுற்றிலும் ஆள் உட்கார்ந்திருப்பதால் யாருக்கும் முதுகு காட்டக் கூடாது, மைக் கிடையாது, ஒவ்வொரு வசனத்துக்கும் ஒரு பக்கம் திரும்ப வேண்டும்.

அன்னவாசல் பக்கம் ஒரு ஊரில், கடன் வாங்கும் பெண்ணாக நடித்தவள் மசியில் விரலை வைக்கப் போகிறாள். முன்வரிசையில் இருந்த அப்பத்தா ஒருத்தி, "அடியே, என்ன எழுதியிருக்கான்னு கேளுடி!" என்று கத்திவிட்டார். எங்கள் ஆள் கெட்டிக்காரி. தாளை அவரிடம் நீட்டி, "நீயே படிச்சுச் சொல்லு அப்பத்தா" என்றாள். "தெரிஞ்சா நான் ஏன்டி ஒங்கூத்தைப் பாத்துக்கிட்டு இருக்கேன்!" கூட்டம் வெடித்துச் சிரித்தது. அதற்கு மேல் எங்கள் வசனம் எதுவும் தேவைப்படவில்லை. எழுதிக் கொடுத்த நாடகத்தின் கடைசியில் கல்வியின் பெருமை பற்றி அரைப்பக்கம் உண்டு. அந்த இடம் வந்தாலே பெண்கள் சேலையைத் தட்டிக்கொண்டு எழுந்திருப்பார்கள். அன்றைக்கு அதை விட்டுவிட்டோம். அப்புறம் எந்த ஊரிலும் அதைச் சொல்லவில்லை.

அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் அந்த ஊர்த் தொண்டர் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு வட்டத்துக்குள் வந்துவிடுவார். யார் யார் படிக்க வருகிறீர்கள், எந்தத் திண்ணை, எத்தனை மணிக்கு என்று அங்கேயே பேசி முடிப்பார்கள். தம்பி, உன் கேள்விக்கு என் பதில் இதுதான். நாடகம் மட்டும் பார்த்து மாறியவரை நான் பார்த்ததில்லை. நாடகம் முடிந்த இடத்திலேயே நோட்டுப் புத்தகத்தோடு ஒரு ஆள், சம்பளமில்லாமல் சொல்லிக்கொடுக்க ஒரு ஆள், மறுநாள் சாயங்காலம் ஒரு விளக்கு, இவை இருந்த ஊர்களில் மாற்றம் வந்தது. இப்போது பேருந்து நிலையத்தில் பேனர் கட்டி 'விழிப்புணர்வு' நாடகம் போடுகிறார்கள். முடிந்ததும் குரூப் போட்டோ. பார்த்தவர் அடுத்து எங்கே போக வேண்டும் என்று கேட்டால் சொல்ல ஆளில்லை. நடிக்கிற பிள்ளைகளைக் குறை சொல்ல மாட்டேன்.

சைக்கிளும் அப்படித்தான் வந்தது. ஊருக்கு ஊர் போய்வர வேண்டிய பெண்களுக்கு பஸ்ஸை நம்பிப் பயனில்லை என்றுதான் சைக்கிள் கற்றுக்கொடுக்கத் தொடங்கினார்கள். முத்து பாஸ்கரன் எழுதிய சைக்கிள் பாட்டு எங்களைவிட வேகமாக ஊர்களுக்குப் போய்ச் சேர்ந்தது. ஆனால் பாட்டைக் கேட்டவளுக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஏறிப் பார்க்க ஒரு சைக்கிளும், பின்னால் பிடித்துக்கொண்டு ஓட ஒரு ஆளும் மைதானத்தில் இருந்தார்கள். எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள் ஊரறிய சைக்கிள் ஓட்டிக் காட்டினார்கள். லேடீஸ் சைக்கிள் கிடைக்காதவர்கள் ஆண்கள் சைக்கிளையே எடுத்தார்கள். குறுக்குக் கம்பியில் பிள்ளையை உட்கார வைக்கலாம் என்று அதையே விரும்பியவர்களும் உண்டு.

எல்லாம் நிலைத்ததா என்றால், இல்லை. இயக்கத்தின் வேகம் குறைந்து சாயங்கால வகுப்புகள் நின்ற ஊர்களில், தட்டுத்தடுமாறிப் படித்தவர்கள் பலர் எழுத்தை மறந்தே போனார்கள். கையெழுத்து மட்டும் தங்கியது. வகுப்பு நின்ற பிறகும் எங்களை நாடகம் போடக் கூப்பிட்ட ஊர்கள் இருந்தன. போய்ப் போட்டோம். அதே வட்டிக்கடைக்காரர், அதே துண்டு, அதே சிரிப்பு. நோட்டுப் புத்தகம் மட்டும் வரவில்லை. இரண்டு மூன்று ஊருக்குப் பிறகு நான் போவதை நிறுத்திக்கொண்டேன்.